மரைக்கு யார் பருவம் குறிப்பது?

கோப்பாயில் காடு கிடையாது. பருத்தித்துறை வீதியின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள், வாழை, பனங்கூடல். கிழக்கே இறங்கினால் தரவையும் உப்பாற்றுக் கடல்நீரேரியும், அக்கரையில் கைதடி. மரை வாழத் தக்க காடு குடாநாட்டில் எங்குமே இல்லை. இருந்தும் மரை இறைச்சியின் ருசி தெரிந்த முதியவர்கள் வலிகாமத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். 1930களின் நடுப்பகுதியில் இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோது குடாநாட்டிலிருந்து போனவர்கள் காடு வெட்டி வயலாக்கினார்கள். ஊரில் வீடும் வன்னியில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. அறுவடை முடிந்து திரும்புகிறவர் நெல் மூட்டையோடு தேனும் வற்றலும் கொண்டுவருவார். அந்த வற்றல் பன்றியாக இருக்கும், மானாக இருக்கும், சில வேளை மரையாக இருக்கும்.

இறைச்சியை விரல் தடிப்பில் நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிசைந்து, அடுப்புக்கு மேலே கட்டிய தடியில் தொங்கவிடுவார்கள். முதல் இரண்டு நாளும் புகை விடாமல் ஏற வேண்டும். ஈ மொய்த்தால் அத்தனையும் பழுது. கறுத்து இறுகிய பிறகு மாதக்கணக்கில் கெடாது. உரலில் தட்டி நார்நாராகப் பிரித்துத் தேங்காய்ப்பாலில் கறி வைப்பார்கள். ஒரு மரை விழுந்தால் ஒரு வீடு மட்டும் தின்று தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்துக்குப் பங்கு போகும், மிச்சம் வற்றலாகும், வற்றல் கடைக்கும் போகும். பங்கு எங்கே முடிந்து வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்ற இந்த இடத்தில்தான் வேட்டைச் சட்டத்தின் சிக்கல்கள் எல்லாம் கிளைவிடுகின்றன.

காடு பொதுக் காணி என்றால், அதில் வாழும் விலங்கை எந்த மாதத்தில், எத்தனை நாள் வேட்டையாடலாம் என்று தீர்மானிப்பது யார்? வேட்டைக்காரன் நாள் கூட்டிக் கேட்பான், அரசு நாள் குறைக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தவை பெரும்பாலும் வேறு விதம். வேட்டைக்காரரே எழுந்து, பருவத்தை நீட்டாதீர்கள் என்று சொன்ன இடங்கள் உலகில் உண்டு. இலங்கையும் அவற்றில் ஒன்று. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள், அந்தக் குரலில் யாருடைய குரல் விடுபட்டது என்று பார்த்தால் இன்றைய வன்னிக் காட்டின் நிலை ஓரளவு விளங்கும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது இன்றும் சூடான வழக்கு. அங்கே எல்க் என்பது வாபிட்டி எனப்படும் பெரிய மான். நம் மரைக்கு உறவு, உடலில் அதைவிடப் பெரியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கா முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் குறைவாக எஞ்சியிருந்த இந்த விலங்கு, வேட்டைப் பருவம், அனுமதிப்பத்திரம், சரணாலயம் ஆகியவற்றின் துணையால் இன்று ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருகியிருக்கிறது. பெருகியதால் புதிய தொல்லை: பண்ணைக்காரரின் புல்லையும் வைக்கோலையும் மந்தை மந்தையாக வந்து தின்கிறது. மொன்டானா மாநிலம் 2003இல் ஒரு சட்டம் இயற்றி, எல்க் தொகையைக் குறித்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று தன் வனவிலங்குத் துறையைப் பணித்தது. 2015இல் அங்குள்ள ஆணைக்குழு, வழமையான ஐந்து வாரத் துவக்குப் பருவத்துக்கு முன்னும் பின்னும் நாள்களைச் சேர்த்து, ஆகஸ்ட் 15 முதல் பெப்ரவரி 15 வரை நீளக்கூடிய கூடுதல் பருவங்களுக்கு வழி திறந்தது. பெரும்பாலும் தனியார் காணிக்கென்றே வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. சில வட்டாரங்களில் பொதுக் காணியையும் சேர்த்துக்கொண்டது.

கூடுதல் நாள் கிடைத்த வேட்டைக்காரர் மகிழ்ந்திருக்க வேண்டும். பலர் மகிழவில்லை. பொதுக் காணியில் துவக்குச் சத்தம் நீண்டுகொண்டே போனால் எல்க் அங்கே நிற்காது. வேட்டைக்கு இடம் கொடாத பெரும் பண்ணைக்குள் ஒதுங்கிவிடும். பண்ணைக்காரன் தொல்லை குறைய நீட்டிய பருவம் விலங்கை அவன் காணிக்கே துரத்திக் கொடுக்கும். பணம் கட்டிப் பண்ணைக்குள் போக இயலாத சாதாரண வேட்டைக்காரனுக்கு வெறுங்காடுதான் மிஞ்சும். அடுத்த கவலை சினையைப் பற்றியது. எல்க் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இணைந்து, மே கடைசியிலும் ஜூனிலும் கன்று போடும். சனவரியில் சுடப்படும் பெட்டை அநேகமாகச் சினையாக இருக்கும். பனிக்காலத்தில் கொழுப்பைச் செலவழித்து உயிர் காக்கும் விலங்கை ஓட ஓட விரட்டினால், குண்டு படாததும் மெலிந்து போகும். நாள் கூட்டினால் வேட்டை கூடும் என்பது மேசையிலிருந்து போடும் கணக்கு. காட்டில் கால் வைத்தவனுக்கு அந்தக் கணக்கு பிசகுவது கண்ணால் தெரிகிறது.

அவர்கள் சொல்வதற்கு ஏன் கனம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1937இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கென்றே மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. அனுமதிப்பத்திரக் கட்டணமும் அதே வழியில் போகிறது. விலங்கைப் பேணும் செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரன் கையிலிருந்து வருகிறது; ஆகவே பருவம் குறிக்கும் கூட்டத்தில் அவன் எழுந்து பேசினால் கேட்டே ஆக வேண்டும். தற்செயலாக, அதே 1937இல்தான் இலங்கையிலும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இங்கே அது காட்டோரத்து வேட்டைக்காரனைத் தேடிப்போனது அபராதத்தோடும் மறியலோடும். கூட்டத்துக்கு அழைத்து ஒரு கதிரை கொடுக்க யாரும் நினைக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. பிரித்தானியர் இலங்கைக் காடுகளில் எல்க் என்று எழுதிவைத்ததெல்லாம் நமது மரையைத்தான். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் வந்து குடியமர்ந்து, வேட்டைநாய்க் கூட்டத்தோடு மலைக்காடுகளில் மரையைத் துரத்தினார். நாய்கள் மடக்கி நிறுத்திய விலங்கைக் கத்தியால் குத்தி வீழ்த்துவது அவருக்குப் பெருமைக்குரிய விளையாட்டு. 1854இல் வெளிவந்த அவருடைய வேட்டை நூல் இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. இன்று ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் தகவல் நிலையமாகக் காணும் ஃபார் விடுதி ஒரு காலத்தில் வேட்டைக்காரர் தங்கிய இடம். அந்த வெளியில் மாலையில் மேய வரும் மரைகள் மனிதரைக் கண்டு விலகாமல் நிற்பதைப் பார்க்கும்போது, அங்கே என்ன நடந்தது என்பதை நினைக்க மனம் கனக்கிறது.

வடக்கின் கணக்கு மரையோடு நிற்கவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யானை கொன்றவருக்கு அரசு கொடுத்த சன்மானத்தைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுபட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. யானைக்கு அப்போது பருவம் என்ற ஒன்று இல்லை. பயிரைக் காக்க என்ற பெயரில் ஆண்டு முழுவதும் திறந்திருந்த வேட்டை அது. பருவம் இல்லாத வேட்டை எத்தனை விரைவாக ஒரு காட்டைக் காலியாக்கும் என்பதற்கு வன்னியிலிருந்தே எடுத்துக்காட்டக்கூடிய எண்ணிக்கை இது. அமெரிக்கப் புல்வெளி எருமைகளின் கதையை நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இந்த 3,500 யானைகளை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் காணவில்லை.

காடு யாருடையது என்ற கேள்விக்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விடை எழுதிவிட்டது. காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிரிடாத நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கும்வரை, முடிக்குரியவை. சேனை வெட்டியவனும் தேன் எடுத்தவனும் விறகு பொறுக்கியவனும் ஒரு பேனா வீச்சில் அத்துமீறியவர்களானார்கள். அரச காணி என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லின் அடியில் இந்தச் சட்டம் கிடக்கிறது. அமெரிக்கப் பொதுக் காணியும் அங்குள்ள பழங்குடிகளிடமிருந்து பறித்ததுதான். இந்த ஒரு விடயத்தில் இரு நாட்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

1894இல் வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. தோட்டத்துரைமாரும் அரச அதிகாரிகளும் கூடி அமைத்தது. இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாகத் தொடர்வது அதுவே. இலங்கையின் இயற்கைப் பாதுகாப்புக்கு அதன் பங்களிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. யால 1900இலேயே காப்பிடமானதும், 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்கள் ஆனதும் இந்த இயக்கத்தின் காலத்தில்தான். ஆனால் தொடக்கத்தில் அதன் கவலை வேட்டைக்காரரின் கவலை. மானும் மரையும் குறைகின்றன, நாளை சுடுவதற்கு ஒன்றும் இராது என்பதே. அதற்குத் தாம் துவக்கை வைத்துவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. மூடிய பருவம், அனுமதிப்பத்திரம், ஒருவருக்கு இத்தனை விலங்கு என்ற வரம்பு இவற்றைக் கேட்டார்கள். குற்றம் முழுவதும் கிராமத்தானின் இடியன் துவக்கின் மேலும், தோலும் கொம்பும் வற்றலும் வாங்கும் வியாபாரியின் மேலும் விழுந்தது.

அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. பயிரைக் காக்கக் கொடுத்த துவக்கு பருவம் பாராமல் வெடித்தது. சந்தைக்கு வற்றல் போனது. மற்றப் பாதியை அவர்கள் பார்க்கவில்லை. துரை ஒருவர் விடுமுறைக்கு வந்து கொம்புக்காகச் சுடுவதும், வயலில் இறங்கிய பன்றியைச் சுட்டு அதைத் தின்பதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. தண்ணீர் குடிக்க வரும் விலங்கை மறைந்திருந்து சுடுவதை ஆங்கில வேட்டைக்காரர் இழிவென்றார்கள். விளையாட்டுக்கு வருகிறவருக்கு அது இழிவுதான். வீட்டில் இறைச்சி வேண்டியவனுக்குக் குளக்கரைப் பரணே இடம். கிட்ட நின்று சுட்டால் ஒரே வெடியில் விழும், காயத்தோடு ஓடிச் சாகாது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு ஒழுக்கம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஏறியது ஒன்றுதான்.

லெனார்ட் வுல்ஃப் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில்தான் தன் இலங்கை உத்தியோகத்தைத் தொடங்கினார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். வேட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கையும் அவருடையதே. நாடு திரும்பி 1913இல் அவர் வெளியிட்ட நாவலின் நடுவில் நிற்பவன் சிலிந்து என்னும் காட்டு வேட்டைக்காரன், சேனைக்காரன். சட்டமும் தலைமைக்காரரும் கடனும் சேர்ந்து அவனை எப்படி நெரிக்கின்றன என்பதே கதை. தண்டம் விதித்த அதிகாரி ஒருவர், தண்டிக்கப்பட்டவனின் பக்கத்தில் நின்று எழுதியது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் நாவலில் கிடைத்த இடம் சிலிந்துவுக்குச் சட்டசபையில் கிடைக்கவில்லை.

பருவம் குறித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கத் தவறினார்கள். மூடிய பருவம் என்ற ஏற்பாடு குளிர்நாட்டு மானுக்கு வகுத்தது. அங்கே இணைவதும் கன்று போடுவதும் ஆண்டில் குறித்த சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். அந்த வாரங்களைத் தவிர்த்தால் இனம் பிழைக்கும். மரை அப்படி இல்லை. வெப்ப நாட்டில் அது ஆண்டின் எந்த மாதத்திலும் கன்று போடக்கூடும். ஏறத்தாழ எட்டு மாதச் சினை, ஒரு முறைக்கு அநேகமாக ஒரே கன்று. எந்த மாதத்தை மூடினாலும் திறந்த மாதத்தில் சினை மரை அகப்படும். வன்னியில் மரைக்கு உண்மையான ஆபத்துக் காலத்தை வகுப்பது தண்ணீர். ஆனி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை சிறு குளங்கள் வற்றிச் சேறாகும். தண்ணீர் நிற்கும் இரண்டொரு இடத்துக்கு மான், மரை, பன்றி, யானை எல்லாமே வந்தாக வேண்டும். மரை பெரும்பாலும் இருளிலேயே நடமாடும். ஐயம் வந்தால் முன்காலால் நிலத்தை உதைத்து, ஒரு முறை உரக்கக் கத்திவிட்டு நிற்கும். அத்தனை விழிப்புள்ள விலங்கும் தாகத்துக்கு முன்னால் தோற்றுவிடுகிறது. மழை விழுந்து காலபோக விதைப்புத் தொடங்கியதும் காடெங்கும் தண்ணீர். விலங்கு கலைந்துவிடும், மனிதனும் வயலுக்குப் போய்விடுவான். காட்டுக்கு இயல்பாகக் கிடைத்த ஓய்வு அந்த மாதங்கள்தான். வேளாண்மை நாட்காட்டியோடு பிணைந்த இந்த நடைமுறைப் பருவத்தை எந்த ஆணைக்குழுவும் கேட்டு எழுதவில்லை.

1937ஆம் ஆண்டுச் சட்டம் 1964, 1970, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு மேலும் மேலும் இறுகியது. ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாட விட்டிருந்த இடை வலயங்களும், உள்நாட்டு வேட்டைக்காரருக்கென்று யாலவை ஒட்டி ஒதுக்கிய நிலமும் பழங்கதையாயின. இன்று மரைக்குப் பருவம் இல்லை, பத்திரமும் இல்லை. கொல்வது எந்த நாளிலும் குற்றம். அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தடை சரியானதே. தடைக்குக் கீழே காட்டில் என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி.

போர்க்காலத்தில் வடக்கில் பொதுமக்கள் கையிலிருந்த பத்திரத் துவக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. போர் முடிந்து வயலுக்குத் திரும்பியவர்களுக்குப் பன்றித் தொல்லை குறையவில்லை. காவலுக்கு இருந்த கருவி மட்டும் இல்லை. அந்த வெறுமையை நிரப்பியவை சுருக்குக் கம்பி, கட்டுத்துவக்கு, தீனிக்குள் வைக்கும் வெடி. சுருக்கு மிக மலிவு. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பி ஒன்று இருந்தால் போதும். ஒரு நுனியில் ஓடும் கண்ணி முடிந்து, விலங்கு நுழையும் வேலிப் பொட்டில், பன்றியின் தலை மட்டத்துக்குத் தொங்கவிட்டு, மறு நுனியை மரத்தடியில் இறுக்கிவிடுவார்கள். நுழைந்தது முன்னே தள்ளத் தள்ளக் கண்ணி இறுகும். விலங்குக்குப் பின்வாங்கத் தெரியாது. திமிறும், கம்பி தோலை அறுத்து உள்ளே போகும். கட்டியவன் அன்று இரவு வரலாம், மூன்று நாள் கழித்து வரலாம், கட்டிய இடத்தையே மறந்தும் போகலாம்.

துவக்குப் பிடித்தவன், எத்தனை கெட்டவனாக இருந்தாலும், சுடுமுன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்தான். கிடாயா பெட்டையா, கன்று கூட நிற்கிறதா என்பது அவன் கண்ணில் பட்டது. கம்பிக்குக் கண் கிடையாது. பன்றிக்கு வைத்ததில் மரை விழும், கன்று விழும், சிறுத்தை விழும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு தோட்டத்தில் பன்றிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சிகிச்சை பலனின்றி இறந்தது நாடெங்கும் செய்தியானது. செய்தியாகாமல் வன்னியில் எத்தனை செத்தன என்று கணக்கில்லை. மொன்டானா வேட்டைக்காரர் ஆறு மாதப் பருவம் நீளம் என்று அஞ்சினார்கள். நம் காட்டில் சுருக்குக்கு ஆண்டின் 365 நாளும் பருவம். இரவும் உண்டு, பகலும் உண்டு, பொதுக் காணி தனியார் காணி என்ற பேதமும் இல்லை. சட்டத்தில் பூச்சியம் நாளாக எழுதிய பருவம் காட்டில் முடிவில்லாததாக நீண்டுவிட்டது.

பருவம் என்றால் என்ன, அதைப் பிடிக்கிறவனே ஏன் கேட்பான் என்பது வடபுலத்தாருக்குப் புரியாத செய்தி அன்று. நம் கடற்றொழிலாளர் இதே வாதத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் தடைக்காலம்; 45 நாளாக இருந்தது 2017இல் 61 நாளானது. தடை முடியும் ஜூன் நடுப்பகுதியில் பாக்கு நீரிணையைக் கடந்து படகுகள் திரளும் என்று யாழ்ப்பாணத்து மீனவர் ஒவ்வோர் ஆண்டும் கலங்குகிறார்கள். இழுவை மடியை முற்றாக நிறுத்துங்கள் என்று கேட்டவர்களில் முன்னின்றவர்கள் வடக்கின் சிறு தொழிலாளரே. இலங்கையில் 2017இல் அடியிழுவை மடி சட்டப்படி தடைசெய்யப்பட்டதில் அவர்கள் போராட்டத்துக்குப் பங்குண்டு. பிடிக்கிறவர்கள் தாமே வரம்பு கேட்டார்கள். கடலின் அடி வழிக்கப்பட்டால் நாளை வலையில் ஒன்றும் ஏறாது என்று அவர்களுக்குத் தெரியும். கடலுக்குச் சங்கங்கள் உண்டு, சமாசங்கள் உண்டு, அவர்களோடு பேச அமைச்சரும் வருகிறார். காட்டோரத்தில் வாழ்கிறவனுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. வேட்டை குற்றமான நாளிலிருந்து அவன் வேட்டையைப் பற்றி வாய் திறப்பதே குற்ற ஒப்புதல் ஆகிவிட்டது. எந்தக் குளத்தில் மரை தண்ணீர் குடிக்கிறது, எந்தப் பக்கம் இப்போது தடம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதை அதிகாரியிடம் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்விதான் முதலில் வரும்.

காணிச் சிக்கல் அந்த மௌனத்தை இன்னும் இறுக்குகிறது. போருக்குப் பின் காட்டுக்கு எல்லைக் கல் நாட்டிய இடங்களில் தம் பழைய வயலும் மேய்ச்சல் தரையும் அடங்கிவிட்டன என்று முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். 2015இல் சுண்டிக்குளமும் மடுவீதியும் தேசிய பூங்காக்கள் ஆயின. விலங்குக்கு அது நல்லது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு இடம்பெயர்ந்து அலைந்து திரும்பியவன், தன் காணியில் கல்லைக் கண்டால், கல்லுக்கு அப்பால் உள்ள மரையைத் தன் பொதுச் சொத்தாக நினைக்க மாட்டான். அரசாங்கத்தின் விலங்காகவே நினைப்பான். அரசாங்கத்தின் விலங்கு தன் நெல்லைத் தின்கிறது என்று எண்ணுகிறவன் கம்பி கட்டத் தயங்குவதில்லை. 1840இல் தொடங்கிய அதே முடிச்சு.

வேறு நாடுகளும் மாநிலங்களும் வழி தேடாமல் இல்லை. கேரளம் 2022இல் பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 சனவரியில் காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்துப் பிரித்தது: ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்து அப்புறப்படுத்தலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். இரண்டிலும் குறையுண்டு. கேரளத்தில் முடிவு உள்ளூரின் கையில். காட்டு விலங்கின் நிலையை ஊராட்சித் தலைவர் எப்படி அறிவார் என்பது கேள்வி. தமிழ்நாட்டில் கட்டுப்பாடு இறுக்கம். இரவில் வயலில் நிற்கும் உழவனுக்கு வனத்துறை எப்போது வந்து சேரும் என்பது கேள்வி. ஆனாலும் எந்த விலங்கு, எந்த எல்லை, யார் கை என்று பிரித்துப் பேசும் பழக்கமாவது அங்கே தொடங்கியிருக்கிறது. நம் நாட்டில் பேச்சு இன்னும் எல்லா விலங்கையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடக் கணக்கெடுப்பைப் பலர் குறைகூறினார்கள். அது நியாயமான குறைதான். எண்ண வேண்டும் என்று அரசு நினைத்ததையும், எண்ணுவதற்கு மக்களைக் கேட்டதையும் நான் வரவேற்கிறேன். பன்றியும் மரையும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் காலை 8 மணிக்கு எந்த மரையும் கண்ணில் பட்டிராது.

வன்னியில் மரை எத்தனை என்று தெரியாமல் எந்தப் பருவத்தையும் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. நீட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எண்ணுவதற்கு ஏற்ற காலம் நீர் வற்றும் மாதங்கள். குளத்துக்கு ஒன்றாக, இரவில் தானே படம் பிடிக்கும் கமராக்கள் வைத்தால் மரை தானே வந்து நிற்கும். எந்தக் குளத்தில் வைப்பது என்பதை வரைபடம் பார்த்துத் தீர்மானிக்காமல், முன்பு அங்கே பரண் கட்டியவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் பழையதைச் சொன்னால் வழக்குப் பாயாது என்ற உறுதியை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பன்றிக்குக் கமக்காரர் அமைப்பு ஊடாக, பெயர் பதிந்த சிலருக்கு மட்டும், வயல் எல்லைக்குள் மட்டும் துவக்கு அனுமதி. பதிலுக்கு அந்த அமைப்பின் எல்லைக்குள் ஒரு சுருக்குக் கம்பியும் இருக்கக் கூடாது, இருந்தால் முழு அமைப்பும் அனுமதியை இழக்கும். அப்படிச் செய்தால் கம்பி தேடுவது அதிகாரி ஒருவரின் வேலையாக நில்லாது. துவக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் தேவையாகும். துவக்கு வேறு வழியில் போகும் அபாயம் உண்டு. நம் மாகாணத்தில் துவக்கு என்றாலே பலருக்கு வேறு நினைவுகள் எழும் என்பதும் எனக்குத் தெரியும். இன்று தெருவுக்குத் தெரியாமல் புழங்கும் இடியனுக்கும் கட்டுத்துவக்குக்கும் பதிவுள்ள, எண்ணிக்கை தெரிந்த துவக்கு மேல் என்றே நினைக்கிறேன்.

குடாநாட்டில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. வன்னியில் கட்டும் கம்பி எல்லாம் வன்னி வீட்டுச் சட்டிக்காகக் கட்டப்படுவதில்லை. தேனோடு வற்றலும் வரும் பழைய வழி இன்னும் அடைபடவில்லை. வாங்க ஆள் இருக்கும்வரை கம்பி கட்டவும் ஆள் இருக்கும். எண்ணிக்கை தெரியும்வரை மரை வற்றல் எந்த உருவில் வந்தாலும் கோப்பாயிலும் உரும்பிராயிலும் நீர்வேலியிலும் வேண்டாம் என்று சொல்வது, இந்த விடயத்தில் வலிகாமம் இன்றே எடுக்கக்கூடிய முடிவு. அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.